கேற் மூடியிருந்ததா

மல்லாந்து கிடக்கிறேன்.
வலது காலை அசைக்கக் கூடாது, ஆறு மணித்தியாலம்.
தொடைச்சந்தில் மண்மூட்டை ஒன்றை வைத்துவிட்டு
நேர்ஸ் ஜெயநிதி அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.
மண்மூட்டை.
தொண்ணூறில் எத்தனை கட்டினோம்,
ஒன்றாவது இவ்வளவு வெள்ளையாக இருந்ததில்லை.

பெரியாஸ்பத்திரிச் சுவரில் ஐந்தே முக்கால்.
அரியாலைக் கடவையில் என் கதிரையில்
இப்போது நிரூபன் இருப்பான்,
போனைப் பார்த்துக்கொண்டு.
நிமிர்ந்து பார் தம்பி.
அது உன்னைக் கேட்டுக்கொண்டு வராது.

நாவற்குழிப் பாலத்தில் ரயில் ஏறினால்
முதலில் காலுக்குத்தான் தெரியும்,
பிறகுதான் காதுக்கு.
அன்றைக்கு நெஞ்சுக்குத் தெரிந்தது.
வரவேண்டிய ரயில் வெளியே.
நேர அட்டவணையில் இல்லாத ஒன்று உள்ளே,
நிற்காமல், ஆட்களை ஏற்றாமல், சுற்றிச் சுற்றி.
கேற்மரத்தை இறக்கினேன்.
மீன்பெட்டி கட்டிய மோட்டார்சைக்கிள்காரன்
"அக்கா விடுங்கோவன், அது இன்னும் தூரத்தில" என்றான்.
அவன் முகத்தில் பாதிதான் தெரிந்தது.
மற்றப் பாதியை இருட்டு எடுத்துவிட்டது.

கயிற்றை மணிக்கட்டில் சுற்றியிருந்தேனாம்.
விழுந்தவளின் பாரத்தில்
மரம் இறங்கியபடியே கிடந்ததாம்.
கண் திறந்ததும் அதைத்தான் கேட்டேன்.
அம்புலன்ஸில் இன்னொரு தரம் கேட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன்
வாயுக்குத்து என்று இஞ்சிப் பிளேன்ரீ குடித்துவிட்டு
சுவரைப் பார்த்துப் படுத்தேனே ஓர் இரவு,
அது வாயு இல்லையாம்.
இதயத்தில் ஒரு தழும்பு விட்டுப் போயிருக்கிறது.
"கரண்ட் நேரா போக வேணும் அம்மா,"
டொக்டர் வெத்தசிங்க தன் தமிழை
ஒவ்வொரு சொல்லாய் எடுத்து வைத்தார்.
"தழும்புக்குள்ள சின்னப் பாதை. அதில பூந்து
சுத்துது, சுத்துது, வெளிய வராது."
லூப் லைன், என்றேன்.
கையிலிருந்த பேனையை மூடிவிட்டுச் சிரித்தார்.

அந்த அறை மீன்வாடி ஐஸ்பெட்டி போலக் குளிர்.
இடுப்புக்குக் கீழே வெட்கத்தை
ஒரு பச்சைத் துணியால் மூடினார்கள்.
கம்பி ஏறியது தெரியவில்லை.
தெரிந்தது அடுத்தது:
வேண்டுமென்றே அதைக் கூப்பிட்டார்கள்.
கள்ளனைப் பிடிக்க
வீட்டைத் திறந்து வைத்துக் காத்திருப்பது போல.
வந்தது. உடனே வந்தது.
திரையில் என் இதயம் ஊதாவும் சிவப்புமாய்,
திருவிழாக் கடை ஐஸ்கிரீம் உருகிய மாதிரி.
"கொஞ்சம் சூடு வரும்."
வந்தது கொஞ்சம் இல்லை.

தண்டவாளம் கழற்றியதை நான் பார்த்திருக்கிறேன்.
எங்கள் வளவுப் பங்கருக்கும் இரண்டு வந்தது.
சிலிப்பர்க்கட்டையின் ஒரு முனையைப் பிடித்தேன்,
பத்து வயது, உள்ளங்கையெல்லாம் தார்.
அதன் பிறகு இருபத்துநாலு வருடம்
கடவை என்றால் வெறும் மேடு.
சைக்கிள் ஒருமுறை துள்ளும், அவ்வளவுதான்.

ஆகவே அவர் முகமூடியை இறக்கி
"அந்தப் பாதைய எரிச்சாச்சு" என்றபோது
பழக்கதோஷம், மனம் முதலில் துக்கத்துக்குத்தான் போனது.
பாதை ஒன்று இல்லாமல் போவதை
நல்ல செய்தியாய்ச் சொல்ல
ஒருவரும் இதுவரை என்னிடம் வந்ததில்லை.

திரும்பவும் கூப்பிட்டுப் பார்த்தார்கள்.
மூன்று தரம்.
கம்பி தட்டியது, எல்லோரும் திரையைப் பார்த்தார்கள்,
ஒருவரும் மூச்சு விடவில்லை.
வரவில்லை.
இனி வராதா, என்றேன்.
"நூற்றுக்கு நூறு எண்டு சொல்ல மாட்டன்."
அந்த ஆளை எனக்குப் பிடித்துப்போனது அப்போதுதான்.

ஆறு ஐந்து.
ஸ்ரேசன் பக்கம் ஹோர்ன் கேட்கிறது.
அப்படியென்றால் அரியாலையைத் தாண்டிவிட்டது,
நிரூபன் மரத்தை இறக்கியிருக்கிறான்.
நெஞ்சு தன்பாட்டுக்கு நடக்கிறது,
ஒன்று, ஒன்று, ஒன்று.
என்னை அறியாமல் வலது கால் மட்டும்
கயிறு இருக்கும் பக்கம் அசைந்துவிட்டது.
"அக்கா! உங்களுக்குச் சொன்னது விளங்கேல்லையே?"
ஜெயநிதி ஓடி வருகிறாள்,
மூட்டையை அமத்துகிறாள், ஏசுகிறாள்.