ஆறாயிரத்து ஐந்நூறு

வெயிலுக்குப் பஞ்சமில்லாத பாம்பனில்
வெளிச்சம் வாங்கப் போனேன்.
அபுதாகிர் சிரிக்கவில்லை. அது போதும்.
யாருக்கு, என்றார்.
மிளகாய்க்கு.

காரணம் சொல்ல வேண்டியிருந்தது.
சன்னலைத் திறந்தால் கச்சான் உப்போடு வருகிறது.
கீலைத் தின்றது, மின்விசிறித் திருகைத் தின்றது,
போன ஆவணியில் என் ஏழு நாற்றையும்
விளிம்பிலிருந்து உள்ளே உள்ளே கருக்கிவிட்டது.
ஆகவே சன்னலை அடைத்தாயிற்று.
அடைத்த அறையில், தயிர் டப்பாவில்,
முண்டு விதையொன்று
என்னை நம்பி முளைத்திருக்கிறது.

மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார்.
இரண்டாயிரத்து எழுநூறு. நாலாயிரம். ஆறாயிரத்து ஐந்நூறு.
எண் ஏறினால் சூடு ஏறும் என்று நினைத்திருந்தேன்.
"ஏற ஏறக் குளிர்ச்சிங்கிறான் கம்பெனிக்காரன்."
பிறகு அவரே காதைச் சொறிந்துகொண்டு,
"இரும்பைக் காய்ச்சுனா மொதல்ல செவப்பு, அப்புறம் மஞ்சள், வெள்ளை.
இன்னும் காய்ச்ச முடிஞ்சா நீலம்.
நீலந்தான் பெரிய சூடு. நம்ம கண்ணுக்குத்தான் குளிருது."

நான் எடுத்தது மஞ்சள்.
நண்டுக் கம்பெனியில் எட்டு மணி நேரம்
வெள்ளைக் குழல்விளக்குக்குக் கீழே நிற்பவள் நான்.
சதையில் ஓட்டுத் துணுக்கு கிடந்தால் தெரிய வேண்டுமென்று
நிழலே விழாதபடி செய்த வெளிச்சம் அது.
கையுறைக்குள் விரல்கள் யாருடையதோ போலிருக்கும்.
வீட்டிலாவது சோறு
சோற்றின் நிறத்தில் இருக்கட்டும்.

பத்தே நாளில் நாற்று நூலாகிவிட்டது.
ஒரு சாண் உயரம், இரண்டு இலை,
கூட்டத்தில் எக்கிப் பார்க்கிறவள் மாதிரி
பல்பின் பக்கம் சாய்ந்து சாய்ந்து.
நம்புசெல்வி பார்த்தாள்.
அறை வாடகையில் அவளுக்குப் பாதி; இரவு ஷிப்ட்.
"இது வளர்த்தியில்ல புள்ள, பசி."

மறுபடி அபுதாகிர்.
ஆறாயிரத்து ஐந்நூறைக் கொடிக்கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன்.
அறை கம்பெனியாகிவிட்டது.
சுவரில் ஓதம் தெரிந்தது.
துவைத்த சேலையில் கறை தெரிந்தது.
கண்ணாடியில் முப்பத்தெட்டு வயது தெரிந்தது.
செடிக்கு மட்டும் அதுதான் விடியல்:
தண்டு தடித்தது,
இலைமேல் இலை நெருங்கி அமர்ந்தது,
பச்சை கறுத்தது.

ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரம் எரிய வேண்டும்.
பகலெல்லாம் நம்புசெல்வி தூங்க வேண்டும்.
தலையணையை முகத்தில் அமுக்கிக்கொண்டு
மூன்று நாள் பொறுத்தாள்.
நாலாவது நாள் மீன் ஏற்றும் தெர்மாகோல் பெட்டி ஒன்று,
கவுச்சி போகக் கழுவியது,
கட்டிலுக்கடியில் இருந்தது.
வெளிச்சத்தை உள்ளே வைத்து மூடினோம்.
வெள்ளைச் சுவர் நாலும் அதைத் திருப்பித் திருப்பி
இலைக்கே கொடுத்தன.
மூடியின் விளிம்பில் மட்டும்
ஒரு கோடு கசிந்தது,
இரவில் துறைக்கு வெளியே நிற்கும் விசைப்படகு மாதிரி.

மொட்டு வரவில்லை.
"பூக்கச் செவப்பும் வேணும்மா," என்றார் அபுதாகிர்.
பல்பு எதுவும் விற்கவில்லை அன்று.
பரணில் கிடந்தது என் பழைய மஞ்சள்.
அதையும் பெட்டிக்குள் மாட்டினேன்.
திறந்து பார்த்தால்
இரண்டும் கலந்து, எந்த டப்பாவிலும் எண்ணில்லாத ஒரு நிறம்.
பெட்டி இப்போது கட்டிலுக்கடியில் கொள்ளவில்லை.

முதல் பூ உதிர்ந்தது. இரண்டாவதும்.
உள்ளே காற்றில்லை, வண்டில்லை.
மூன்றாவதை நான் விரலால் சுண்டினேன்,
வேலைக்குக் கிளம்பும்போது நம்புசெல்வியும் சுண்டினாளாம்,
அன்று மாலை ரயில் பாலத்தில் ஏறியபோது
அறையும் கொஞ்சம் அதிர்ந்தது.
யார் வேலை என்று தெரியாது.
காம்பில் பச்சையாய் ஒரு மணி நிற்கிறது,
ஊசித் தலையளவு.

நேற்று கம்பெனியில்
நண்டுத் தட்டோடு நிமிர்ந்து குழல்விளக்கின் முனையைப் படித்தேன்.
அதே எண்.
என்னக்கா பார்க்குறீங்க, என்றார் சூப்பர்வைசர்.
இங்கே ஒரு தொட்டி வைத்தால்
நல்லா வரும் சார், என்றேன்.