பக்கத்து வீட்டுக் கணக்கு

மாசி கடைசியில் மாஸ்க் மூன்று ரூபாய்.
புதுவயலில் அரிசி மில் ஆட்கள் தவிர
கேட்பாரில்லை.
ஜமால் மெடிக்கலின் மேல்தட்டில்
ஒரு பெட்டி கிடந்தது,
தூசியைத் தடுக்கிற பொருளின் மேல்
விரல் கனத்துக்குத் தூசி.

பங்குனி நாலாம் தேதி
ஆட்டோவை அணைக்காமலே சேவுகன் கத்தினான்:
'கண்ணாத்தா, அஞ்சு குடு.'
எதுக்கு என்றேன்.
'தெரியல. எல்லாரும் வாங்குறாங்க.'
அதுவரை வாங்கியது
அவன் ஒருவன்தான்.

மறுநாள் பெட்டி காலி.
அதற்கும் மறுநாள்
முப்பது ரூபாய்க்கும் இல்லை.
டெட்டால் போனது, கற்பூரம் போனது,
என்ன நினைத்தார்களோ
பேதி மாத்திரைகூட அட்டை அட்டையாய்ப் போனது.
காய்ச்சல் மாத்திரை கேட்டவர்கள் மட்டும்
குரலைத் தாழ்த்தினார்கள்:
'எனக்கில்ல, பக்கத்து வீட்டுக்கு.'
அந்த வாரம் ஊரில்
பக்கத்து வீடுகளுக்கெல்லாம் காய்ச்சல்.

சபுரா பீவி
மகளின் பாவாடைத் துணியை வெட்டி
மாஸ்க் தைத்துக் கொண்டுவந்து போட்டார்.
என் பங்குக்கு வந்ததில் அரை மயில்.
கழுத்து எனக்கு,
தோகை யார் முகத்திலோ.

பினாங்கிலிருந்து வந்த ஏகப்பன் வீட்டுக் கதவில்
தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள்.
முன்கதவு ஒரு தெருவில்,
பின்கதவு அடுத்த தெருவில்
திறக்கிற வீடு அது.
பின்னாடியும் ஒட்டுங்க என்று
யாரோ போன் போட்டார்கள்.
ஒற்றை ஆளுக்கு
இரண்டு தெருவில் நடமாட்டம் நின்றது.

அவருடைய பிரஷர் மாத்திரையைக்
கதவு வளையத்தில் மாட்டிவிட்டுப்
பத்தடி தள்ளி நின்றேன்.
உள்ளே வெகுதூரத்திலிருந்து
செருப்புச் சத்தம் வந்தது, வந்தது,
வந்துகொண்டே இருந்தது.
'அப்பாவுக்கு முழங்கால் எப்படி இருக்கு?' என்றார்.
பதினைந்து நாளில்
அவர் யாரிடமும் கேட்ட முதல் கேள்வியாக இருக்கலாம்.
காதில் விழாதது மாதிரி
செல்போனைப் பார்த்தேன்.
சன்னல் கம்பியில் கிளிப் போட்டு
மஞ்சள் தண்ணீரில் நனைத்த ஐநூறு ரூபாய் நோட்டு.
கடைக்குக் கொண்டுவந்து
ஃப்ரிட்ஜ் தலையில் காயப்போட்டேன்.
சாயங்காலம் வரை யாரும் அதைத் தொடவில்லை,
நானும்.

கடை வாசலில் சுண்ணாம்பில்
ஆறு வட்டம் போட்டிருந்தேன்.
வட்டத்தில் செருப்பை விட்டுவிட்டு
வேப்பமர நிழலில்
ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நிற்பார்கள்.
செருப்புகள் மட்டும்
சட்டத்தை மீறவில்லை.

பங்குனி பாதி தாண்டி ஒரு காலை
செருப்பும் வரவில்லை.
டிவியில் ஏதோ சொன்னார்களாம்.
போர்டை அண்ணாந்து பார்த்தார்கள்,
இத்தனை வருடம் பார்க்காத போர்டை,
கண்டனூர் ரோட்டுக் கடைக்குப் போனார்கள்.
சேவுகன் ஆட்டோவும் போனது,
ஹாரன் அடிக்காமல்.
ஜமால் பாய் ஒன்றும் சொல்லவில்லை.
எக்ஸ்பைரி தேதி பார்க்கிறேன் என்று
அன்று முழுக்க
மேல்தட்டிலேயே முகத்தை வைத்திருந்தார்.
வீட்டுக்குப் போகும்போது அம்மா கேட்டாள்,
'வேற எடம் பாக்கலாமா?'
பாக்கலாம் என்றுதான் சொன்னேன்.

மூன்றாம் நாள் ராத்திரி,
கணக்கு முடித்து ஷட்டரை இறக்கியாகிவிட்டது.
தட்டுகிற சத்தம்.
ஒரு அடி தூக்கினேன்.
கை மட்டும் உள்ளே வந்தது.
மணிக்கட்டில் இரண்டு சுற்றுக் காசிக்கயிறு,
தெரிந்த கை.
'காச்ச மருந்து வேணும்.
எனக்கில்ல, பக்கத்து வீட்டுக்கு.'

ஜமால் பாய் குனிந்து
ஷட்டர் இடுக்கில் கேட்டார்:
'பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு என்ன வயசு?'
'நாலு.'
'எடை?'
வெளியே கொஞ்ச நேரம் பதில் இல்லை.
மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.
'தூக்குனா கனம் தெரியல, பாய்.'

சிரப்பும் அளவு மூடியும்
கைக்குள் வைத்து விரல்களை மடக்கிவிட்டார்,
சானிடைசர் போடாத கையால்.
'ஆறு மணிக்கு ஒருக்கா.
குறையலைன்னா ராத்திரின்னு பாக்காம
வந்து தட்டச் சொல்லு, பக்கத்து வீட்டுக்காரன.'

பற்று நோட்டை எடுத்தேன்.
யார் பெயரில் எழுத?
'அதான் சொன்னாப்ல' என்றார்.

பக்கத்து வீடு: ஐம்பத்தெட்டு ரூபாய்.

நோட்டு மாறிவிட்டது.
மாறும்போது பழைய பாக்கிகளை
நான்தான் பெயர்த்து எழுதினேன்.
அந்த வரியையும்.