துல்லியத் தராசு

டர்பன், 1964

படகு ஏழு நாற்பதுக்கு.
தவறினால் அடுத்தது எட்டரைக்கு,
அதற்குள் க்ரொப்லர் கரும்பலகையில்
பாதி அணுவை முடித்திருப்பார்.
டை கட்டாத பையனைத் துறையிலேயே திருப்பி அனுப்புவார்கள்.
கட்டியவர்களின் டைகளைத் தோளுக்குப் பின்னால் வீசும் காற்று,
யாரோ இழுத்துப் பார்ப்பதுபோல.
பெண்கள் எங்களுக்கு டை இல்லை.
பதினொரு பேருக்குக் கழிப்பறை ஒன்று,
கதவில் இன்னும் 'மாலுமிகள்' என்று பெயின்ட்.

நகரத்துப் பல்கலைக்கழகம் குன்றின்மேல்.
கேட்டோ மேனரில் எங்கள் துணிக்கொடியடியில் நின்றால்
அதன் குவிமாடம் தெரியும்.
அங்கே சேர அமைச்சருக்கு எழுதினேன்,
மூன்று பிரதி, தகப்பன் தொழில், இனம்.
பதில் ஒரே வரி:
தாங்கள் கோரும் பாடம் தங்கள் இனத்தாருக்கென
ஒதுக்கப்பட்ட தீவுக் கல்லூரியில் உள்ளது.
உள்ளதுதான்.
துணி காயப்போடும்போது
குன்றுக்கு முதுகு காட்டி நிற்கப் பழகினேன்.

கடற்படை கழற்றிப்போட்ட தீவு இது.
கட்டில்களை எடுத்துவிட்டு மேசை போட்டார்கள்.
ஆய்வகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தராசு,
கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைக் காட்டும் என்கிறது கையேடு.
கடல் கையேடு படிப்பதில்லை.
பித்தளைத் தட்டில் பச்சை படர்ந்துவிட்டது,
சுழியம் தினமும் வேறோர் இடத்தில்.

"திருத்திக்கொள், லோகாம்பாள்" என்றார் க்ரொப்லர்.
கெட்டவர் இல்லை. புரியாவிட்டால் இரண்டாம் முறையும் சொல்வார்.
"புத்தகத்தில் இருப்பது வரவேண்டும்."
நான் வந்ததை எழுதினேன்.
நூற்றுக்கு நாற்பத்தொன்று.

பூபாலனுக்குப் பொறுக்கவில்லை.
மவுண்ட் எட்ஜ்கோம்ப் ஆலையில் கொதிகலன் பார்க்கும் அவன் அப்பா
சீட்டுப் பணம் எடுத்துக் கப்பல் டிக்கெட் வாங்கினார்.
டப்ளினிலிருந்து எழுதுகிறான்:
குளிர். மூன்று வேளையும் உருளைக்கிழங்கு.
லோகா, இங்கே வெள்ளைக்காரப் பிணத்தையும் நான் அறுக்கலாம்,
யாரும் ஒன்றும் சொல்வதில்லை,
பிணமும்.

படகில் படித்து, மடித்து, நோட்டுக்குள் வைத்தேன்.
என்ன சிரிக்கிறாய் என்றான் சிவஞானம்.
சிரித்தேனா, தெரியவில்லை.

எனக்குச் சீட்டு எடுக்க ஆளில்லை.
மூச்சை அடக்கித்தான் நிறுக்க வேண்டும்,
வாய்க்காற்றுக்கே முள் நடுங்கும்.
மூன்று வருடம், திங்கள், புதன் பிற்பகல்கள்,
அவ்வளவு மூச்சையும் எங்கே வைத்தேன்?

கடைசி நாள் துறையில் ஒரு சாக்கு கிழிந்து
தரையெல்லாம் பழுப்புச் சர்க்கரை.
ஜூலு ஆட்கள் அதன்மேல் நடந்து அடுத்த சாக்கைத் தூக்கினார்கள்.
என் மாமன் வெட்டிய கரும்பாகவும் இருக்கலாம்.
ஒரு சிட்டிகையைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுபோனேன்.

கண்ணாடிக் கதவைச் சாத்தி நிறுத்தேன்.
மறுபடி பார்த்தபோது கூடியிருந்தது.
"ஈரம் குடிக்கிறது," என்றார் க்ரொப்லர் பின்னாலிருந்து,
"இதில் எழுத ஒன்றுமில்லை."

மணியைக் குறித்தேன். எடையைக் குறித்தேன்.
மறுபடி மணியை.
கடைசிப் படகு ஊதியது.
இன்னும் கூடிக்கொண்டிருந்தது.