கல்லிடை

ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர்.
பிவிசி குழாயில் நானே ஒட்டிய சட்டம்.
அம்பைக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவே
ஆறு அகன்று முழங்காலுக்கு இறங்கும் இடத்தில்
அதைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடிக்கிறான் சொரிமுத்து.
மேல்புறமிருந்து ஒரு புன்னங்காயை விடுகிறேன்.
சட்டத்தைத் தாண்ட இரண்டு விநாடி.
மறுபடியும்.
இரண்டேகால்.

ஆழம் முப்பத்தெட்டு. அடித்தளம் உருளைக்கல், தேங்காய் அளவு.
ஒவ்வொன்றாகப் புரட்டுகிறோம்,
தூங்குகிறவர் போர்வையை விலக்குவதுபோல.
இல்லை, அவ்வளவு மரியாதையாக இல்லை.
கைவலையோடு குனிந்து நிற்கும் ஆட்கள் நாங்கள்.

அயிரை ஒன்பது, மணல் கலந்த சரளையில்,
தண்ணீர் யோசித்துப் போகும் ஓரத்தில்.
உளுவை இரண்டு, கல்லின் முதுகுப்புறம்.
ஆரல் ஒன்று. வால்தான் தெரிந்தது, மீதி மணல்.
கல்லொட்டி மட்டும் தனி ரகம்.
ஆறு உறுமி விழும் மடைவாயில்,
நான் நின்றால் காலை வாரும் இழுப்பில்,
வழுக்குப்பாறைமேல் வயிற்றை ஒட்டிச்
சும்மா கிடக்கிறது.

"பய வேகத்துக்கு ஆசப்பட்டவன்க்கா."

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: வாழிட விருப்பம்.
வேகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன்.
எதற்கோ பாறையில் விரலைப் பதித்துப் பார்த்தேன்.
விரலுக்கு மேலே ஆறு.
பாறையைத் தொடும் தோலில்
ஒரு நகத்தின் கனத்துக்கு
ஆறே இல்லை.
அத்தனை இரைச்சலையும் முதுகுக்கு மேல் ஓடவிட்டு
அது படுத்திருப்பது அந்த நகக்கனத்தில்.

வேகம் பிடித்திருக்கிறதா,
வேகத்தின் அடியில் யாரும் வராத இடம் பிடித்திருக்கிறதா,
சரளையில் பெரிய வாய்கள் உலாவுவதால் இங்கே ஒதுங்கி
இதையே விருப்பமென்று பழகிவிட்டதா?
கட்டம் சின்னது.

கல்லிடையில் நான் ஏழு வீடு பார்த்தேன்.
மூன்றில் சாவி கை வரைக்கும் வந்தது.
பெயர் கேட்டதும்
மகன் பெங்களூரிலிருந்து குடிவரப் போவது
திடீரென்று ஞாபகம் வந்தது அவர்களுக்கு.
ஒன்றில் அட்டையே தொங்கியது, சைவம் மட்டும்.
நிலோபர் நிஷா, மேலப்பாளையம் என்று
எழுத்துப் பிழையில்லாமல் ரசீது போட்டவர்
அம்பையில் மாவுமில்லுக்காரர். அறை, மில்லுக்கு மேலே.
காலை ஆறிலிருந்து இரவு எட்டு வரை சுவர் அதிரும்.
தலைமுடியில் மல்லித்தூள்.
என்மேல் யாராவது சட்டத்தை அமுக்கினால்
இப்படித்தான் எழுதுவார்கள்:
விருப்பம், இரைச்சல், வற்றல் நெடி,
பேருந்து நிலையத்திலிருந்து இருநூறு மீட்டர்.
பொய்யில்லையே, அங்கேதானே இருக்கிறேன்.
எட்டு மணிக்கு மில் நிற்கும்போது
அந்தச் சுவர் ஓய்வதைக் கேட்பதற்காகவே
சில நாள் சீக்கிரம் திரும்புகிறேன்.

பதினான்காவது சட்டத்தில் கல்லே இல்லை.
பாபநாசத்தில் யாரோ முழுகி எழுந்து
பாவத்தோடு சேர்த்து விட்ட வேட்டி,
ஒரு நைலக்ஸ் சேலை, கிழிந்த பாவாடை,
மருத வேரில் சுற்றிப் பாசி பிடித்து நிற்கின்றன.
அறுத்தெடுக்க அரிவாளை உருவினான் சொரிமுத்து.
ஒரு மடிப்பு துடித்தது.
விரித்தால், அயிரைக் குஞ்சுகள்.
பதினேழு எண்ணினேன், அப்புறம் கலங்கிவிட்டது.

"எக்கா, இத என்னன்னு போடுவீய?"

பாறை, உருளை, சரளை, மணல், சேறு.
துணிக்கு எண் கிடையாது.

அணையில் திறந்துவிட்டார்கள் போல,
தண்ணீர் தொடைக்கு ஏறுகிறது.
கட்டத்தில் பென்சிலால்
இங்கே இருந்தன
என்று மட்டும் எழுதினேன்.
சட்டத்தைத் தூக்கு என்றேன்.
சேலையை அறுத்துக்கோ.
வேட்டி கெடக்கட்டும், அடுத்த வாரம் வரைக்கும்.