நெல்லுக்கு எந்த அறை

சீமெந்துப் பைத் தாளை விரித்துப்போட்டு
கரித்துண்டால் முதலில் நான் கீறியது
வீட்டை அல்ல, காற்றை.
கச்சான் இந்தப் பக்கத்தால் வரும்,
ஆனியில், அடுப்பு வாயைத் திறந்துவிட்ட மாதிரி.
வாடை இந்தப் பக்கத்தால்,
ஓட்டை ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்க்கிற கள்ளனாய்.
இரண்டுக்கும் நடுவே வெல்லாவெளியில் எங்கள் அரை ஏக்கர் வளவு.

மேசன் அலியார் தாளைத் தலைகீழாய்ப் பிடித்து
"வீடெங்க புள்ள?" என்றார்.

வீடு மறுகா.
முதல் குசினித் தண்ணி போகிற வழி.
அரிசி கழுவினது வாழைக்கு.
சவர்க்காரம் பட்டது கல்லும் கரியும் மணலும் தாண்டிக்
கல்வாழைக்கு.
குளித்தது, சரிவு பிடித்துத் தென்னையடிக்கு.
மேற்குக் கூரை தாழ வேண்டும்,
கச்சானுக்கு நெற்றி காட்டக் கூடாது.
மாரி மழை பீலியால் இறங்கித் தொட்டிக்கு,
எட்டாயிரம் லீட்டர்.

மேகராசா விரல் மடித்தார்.
நாலு பேர், நாளுக்கு ஐம்பது லீட்டர்,
ஆனியோடு முடியும்.
மிச்சம் மூன்று மாதம் கிணறு என்றேன்.
கிணறு அப்போது சேறு என்றார்.
அந்த மூன்று மாதத்துக்கு
என்னிடம் இன்னும் கோடில்லை.

முருங்கை, பசளி, மரவள்ளி,
கோழிக்கூட்டுக்குக் கீழே கத்தரிப் பாத்தி,
வேலியோரம் எலுமிச்சை, மூலையில் பலா.
கடையிலே உப்பும் நெருப்புப்பெட்டியும் மட்டும் வாங்குவோம் என்று
நான் பெருமையாய் நிமிர்ந்த நேரம்
அலியார் கேட்டார்:
"நெல்ல எங்க வைப்பீங்க?"

போன மாரியில் லோஜினி மச்சாளின் அறைச் சுவர்
ஒரு கதவளவு போனது.
உள்ளே பதினெட்டு மூடை.
சுவருக்கு இந்தப் பக்கம் பிள்ளை நித்திரை.
தன்னிறைவு என்று நாங்கள் எழுதுகிற இடத்தில்
பந்தி என்று வாசிக்கிறது யானை.

வீட்டு நடுவில் வைத்தால்
நாங்கள்தான் நெல்லுக்கு வேலி.
வெளியே பட்டறை கட்டினால்
நாங்கள் தப்புவோம், நெல் போகும்.
தாளைப் பார்த்தபடி இருந்தோம்,
தேத்தண்ணி ஆறிப் பாலாடை கட்டும்வரை.

கடைசியில், மூன்று மூடை பட்டறையில்.
போனால் போகட்டும்.
மற்றதெல்லாம் களுவாஞ்சிகுடித் தங்கச்சி வீட்டில்.
அவளுக்கு மணல் வளவு, கத்தரி காய்க்காது,
கருவாடு காயும்.
மாதம் ஒரு மூடை அவள் அனுப்ப,
ஒரு பை மரக்கறி நான் அனுப்ப.
தன்னிறைவுக்கு
ஆற்றுக்கு அங்கால ஒரு தங்கச்சி தேவைப்படுகிறாள்.
இதை எந்த அளவுகோலில் கீறுவது?

பலாவை அழித்தேன்.
பழ வாசம் இரண்டு கட்டை தூரம் போகும்.
கரி முழுக்க அழியவில்லை,
வட்டமாய் ஒரு சாம்பல் மறு.

விடிந்து போய்ப் பார்த்தால்
அலியார் அதைத் தண்ணித் தொட்டி என்று எண்ணிக்
குற்றி அடித்து நூலும் கட்டிவிட்டார்.
சத்தம் போட வாய் திறந்தேன்.
பிறகு பார்த்தேன்,
வளவில் மேடான இடம் அதுதான்.