மாங்கா

ஏசுபாதத்தின் வேகத்தை முதல் ஆறு வருஷம்
கருவி வைத்து யாரும் அளந்ததில்லை.
என் இடது உள்ளங்கைதான் அளந்தது.
ஞாயிறு சாயங்காலம் சிவப்பு, ராத்திரிக்குள் நீலம்.
திங்கள் காலை கன்டெய்னர் யார்டில்
சீல் நம்பர் எழுத நோட்டைப் பிடித்தால் நழுவும்.

மேட்ச் முடிந்ததும் வருவான். "எவ்ளோ?"
கையை வெளிச்சத்தில் காட்டுவேன்.
"நூத்தி முப்பது இருக்கும்டா."
நம்புவான்.

கையை வைத்துப் பிழைக்கிறவனுக்குப்
பாதம் என்று பெயர்.
கொருக்குப்பேட்டை கேட்டுக்கு அப்பால்
தண்டவாளத்துக்கும் எண்ணெய்க் குழாய்க்கும் நடுவே
புல் முளைக்காத மைதானம்.
மேட்சுக்கு முன்னூறு, விக்கெட்டுக்கு ஐம்பது,
ஜெயித்தால் பிரியாணி,
தோற்றால் குஸ்கா.

அப்புறம் மூன்றாம் டிவிஷன். தோல் பந்து.
வெள்ளை பேன்ட் என்னுடையது,
ஷூ அவன் மச்சானுடையது.
மூன்றாவது மேட்சில்
ஸ்கொயர் லெக் அம்பயர் கையை நீட்டினார்.
பாதம் குனிந்து காலைப் பார்த்தான்.
கோட்டுக்குள்தான் இருந்தது.
மறுபடி போட்டான். மறுபடி நீட்டினார்.
வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்த எதிரணி
அப்போதுதான் ஆரம்பித்தது:
"மாங்கா! மாங்கா அடிக்கிறாம்பா!"

ஏழு தடவை நீண்டது அந்தக் கை.
எட்டாவது பந்தை என்னிடம் உருட்டிவிட்டு
ஷூவைக் கழற்றிக்கொண்டு நடந்தான்.
மூலக்கொத்தளம் வரை பஸ்ஸில் பேச்சில்லை.
எட்டு வயதில் பீப்பாய் மேலிருந்து விழுந்து
எலும்பு தன் இஷ்டத்துக்கு ஒட்டிக்கொண்ட முழங்கை.
"நேர் கை எனக்கு எங்கடா இருக்கு" என்றான்,
இறங்கும்போது.

ரயில்வே மைதானத்தில் பெண்கள் சாஃப்ட்பால்.
உருண்டு வந்த பந்தைச் சும்மாதான் எறிந்தான்,
டீக்கடைப் பக்கத்திலிருந்து.
பிடித்த குணசுந்தரி கையுறையைக் கழற்றி
விரல்களை ஊதிக்கொண்டே வந்தாள்.
"பேஸ்பால் டீமுக்கு ஆள் எடுக்கறாங்க, போ."
"நான் மாங்காக்கா."
"அதுக்குத்தான் அங்க சம்பளமே."

முழங்கை மடங்கலாம். மடங்கணும்.
அதைக் கேட்ட அன்று அவன் சிரித்த சிரிப்புக்கு
பஸ்ஸில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.
நான் கூண்டு மாதிரி முகமூடி போட்டுக்கொண்டு
முட்டி தேயக் குந்தினேன்.
பெயின்ட் கம்பெனி ஒப்பந்தம்,
மாதம் பதினெட்டாயிரம் அவனுக்கு, பதினொன்று எனக்கு.
கட்டாக், ஹைதராபாத், ஜலந்தர்.
கக்கூஸ் பக்கத்தில் படுத்துப் போய்
ஏசி கோப்பைகளோடு திரும்பினோம்.
நிஜக் கருவி நூற்று முப்பத்தெட்டு காட்டியது.

வீட்டில் ஜெபமாலை கேட்பாள்: "எத்தினி ரன்?"
"ஒண்ணுகூட இல்ல."
"அதுக்கா இவ்ளோ தூரம் போன?"
ரன் கொடுக்காததுதான் வேலை என்று
நாலு வருஷமாக விளக்கிக்கொண்டிருந்தான்.

ஐந்தாவது வருஷம், ஜூலை.
என் உள்ளங்கை சிவக்கவில்லை.
ஆகஸ்டிலும்.
ராத்திரி விளக்கைப் போட்டுப் பார்ப்பேன்,
தூங்கி எழுந்த குழந்தையின் கை மாதிரி இருக்கும்.
அந்தக் கருவி டில்லிக்காரர்களோடு போய்விட்டது.
"எவ்ளோ?" என்பான்.
"அதே."
பிட்சர் போனால் கேட்சரும் போகணும்,
ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது.
மூன்று மாதம் "அதே" என்றேன்.

ஜலந்தர் பனியில், ஆறாவது இன்னிங்ஸ்,
பந்து வருவதற்கு முன் சத்தம் வந்தது.
ஈரக் கோணியைக் கிழிக்கிற சத்தம்.
பந்து வரவே இல்லை.

இப்போது மணலியில் எடைமேடைச் சாவடி.
டிரெய்லர் ஏறி நிற்கும்,
டன் கணக்கைக் கத்திச் சொல்லுவான்.
நேற்று யார்டு பூட்டின் சாவி வாங்கப் போனேன்.
பின்னால் முப்பது வண்டி, எல்லாம் ஹாரன்.
ஜன்னலிலிருந்து எறிந்தான், இடது கையால்.
பிடித்தேன்.
என்னையறியாமல் கையைத் திருப்பினேன்.

"எவ்ளோ?"

ஹாரன் சத்தத்தில் காதில் விழாத மாதிரி
வண்டியை எடுத்தேன்.