எட்டாம் நம்பர், இடது கால்

வியாழன் மாலை, கார்டைத் தேய்த்துக் கேட்டைத் தாண்டினோம்.
ஹைமா பெட்ரோல் பங்கில் இறங்கி
நாலு டயரிலும் பாதிக் காற்றைப் பிடுங்கினான் இல்முதீன்.
பாலைவனம் போகிறவர்கள் அப்படித்தான் செய்வார்களாம்,
வீடியோவில் பார்த்தானாம்.
கூட வந்த ஹமூத், எங்கள் பிளாண்ட்டின் தண்ணி லாரி டிரைவர்,
குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னான்:
"மணல் மாஃபி. எல்லாம் கல்."
திரும்பக் காற்றடிக்க இருபது நிமிடம்.

கல்தான்.
வாணலியில் பாதி வறுத்து மறந்துபோன உளுந்து மாதிரி
பார்த்த திசையெல்லாம் சிந்திக் கிடந்தது.
நடுவில் ஒற்றை வேலமரம்.
அதன் அடியில் நாங்கள் இறக்கியவை:
ஆட்கள் நால்வருக்கு மடக்கு நாற்காலி ஐந்து,
கோழி மூன்று, கரி ஒரு மூட்டை,
லூலுவில் தள்ளுபடிக்கு வாங்கிய கூடாரம்,
வேதரத்தினத்தின் இருமலுக்கு உறிஞ்சு மருந்து.
தீப்பெட்டி
எவனும் கொண்டுவரவில்லை.

சாப்பிட்டு முடித்து எல்லோரும் வாயை மூடியபோது
என்னவோ குறைந்தது.
ஒன்பது வருடமாய்க் காதுக்குள் ஓடிய கம்ப்ரஸர்
இங்கே இல்லை.
இல்லை என்று தெரியவே
எனக்கு அரை மணி பிடித்தது.

பின்னங்கால் மட்டும் நீளமான ஓர் எலி
டார்ச் வெளிச்சத்தின் ஓரத்தில் குதித்துப் போனது.
"கங்காரு!" என்றான் வேதரத்தினம்.
பெர்த் நகருக்கு விசா கேட்டு
இரண்டு வருடமாய்க் காத்திருக்கிறான்.
ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு
எல்லோரும் சிரித்தோம், அவன்தான் முதலில்.

விடியுமுன் பனிமூட்டம் வந்தது,
எங்கோ கிடக்கும் கடலிலிருந்து, வழி விசாரிக்காமல்.
மரம் போயிற்று. கார் போயிற்று.
கூடாரத் துணி கனத்துத் தொங்கியது.
வெளியே ஏதோ நக்கும் சத்தம்.
ஜிப்பை நாலு விரல் திறந்தேன்.

நரி.
முகத்துக்குப் பொருந்தாத பெரிய காதுகள்.
கூடாரக் கயிற்றில் கோத்திருந்த துளிகளை
மேலிருந்து கீழாக, ஒன்றும் விடாமல்
நக்கிக்கொண்டு வந்தது.
நாள் முழுக்கத் தண்ணீரை அளப்பது என் வேலை,
உப்பு இவ்வளவு, கலங்கல் இவ்வளவு என்று.
மாதிரி எண் ஒட்டாத தண்ணீரை
அன்றுதான் பார்த்தேன்.
கயிறு முடிந்தது. என்னைப் பார்த்தது.
அவசரமே இல்லாமல்
என் சேஃப்டி ஷூவில் ஒன்றைக் கவ்விக்கொண்டு
வெள்ளைக்குள் போய்விட்டது.

வெயில் ஏறியதும் தேடினோம்.
ஹமூத் தரையைப் பார்த்தபடியே நடந்தான்.
ஓரிடத்தில் நின்று
பிளந்த குளம்புத் தடம் காட்டினான்: ஓரிக்ஸ், இரண்டு.
ராத்திரி இதுவரை வந்து
எங்களைப் பார்த்து நின்றுவிட்டுத் திரும்பியிருக்கின்றன,
இல்முதீன் போனில் பாட்டு வைத்திருந்த நேரமாய் இருக்கும்.
ஷூ கிடைக்கவில்லை.

ஞாயிறு காலை குளியலறைச் செருப்போடு
ஸ்டோரில் போய் நின்றேன்.
படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம்.
'நரி' என எழுதினேன்.
பிஜுமோன் என்னையும் படிவத்தையும் பார்த்தான்,
அடித்துவிட்டுத் 'தேய்மானம்' என எழுதினான்.
ஒற்றை ஷூ தர வழியில்லையாம், ஜோடிதானாம்.

இப்போது என் கட்டிலடியில்
வலது கால் ஷூ ஒன்று கூடுதலாய் இருக்கிறது.
இடது எங்கோ கல்வெளியில்,
உள்பக்கம் மார்க்கரில் எழுதிய
என் ஊழியர் எண்ணோடு.
குட்டிகளுக்குப் பல் முளைக்கிற மாதம் என்கிறான் ஹமூத்,
எதைக் கொடுத்தாலும் கடிக்குமாம்.

அதன் முன்பக்கம் இரும்பு.
அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.